நிலவுக்கு லோடு ஏற்றிய எங்கள் அப்பா

அப்பா வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. உறவினர்களே, நண்பர்களே, அழுதவரை போதும். அவர் பெருமையைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கியே சொந்தமாக ஓர் ஆறு சக்கர வண்டி வாங்கினார். முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் அவர் லோடு எடுத்ததே இல்லை, ஒரே ஒரு முறை தவிர.

நிலவின் தரையைப் போலவே பெங்களூரில் ஒரு தரை அமைத்து, அதில்தான் நிலவுக்குப் போகும் நம் சந்திரயான் கலத்தைச் சோதித்தார்கள். அதற்கான பாறைப் பொடி சேலத்துப் பக்கமிருந்து போனது. அதில் ஒரு லோடு அப்பாவின் வண்டியில். பொடியில் வேறெதுவும் கலந்துவிடக் கூடாது என்று ஏற்றிவிட்டவர்கள் சொன்னதால், பழம் வைக்காமலே கிளம்பினார். சந்திரயான் இரண்டு இறங்கும்போது விழுந்து நொறுங்கியது. அப்பா இடிந்துபோனார்.

"எல்லாம் என்னாலதாம்மா."

நான் படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். நிலவைத் தொட்ட முதல் கலமே மோதித்தான் தொட்டது. எத்தனையோ விழுந்த பிறகுதான் ஒன்று மெல்ல இறங்கியது. அப்புறம் ஆளில்லா வண்டி ஓடியது, மண்ணை அள்ளிக்கொண்டு கலம் திரும்பியது. நம் முதல் சந்திரயான் அங்கே நீர் இருப்பதைக் காட்டியது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"விழுந்ததுக்கெல்லாம் பழம் வெச்சாங்களா? அத்தச் சொல்லு."

சந்திரயான் மூன்று இறங்கிய மாலை. சர்க்கரை நோய்க்கு ஒரு காலைக் கொடுத்து, அப்பா வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார். ஆனாலும் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, குனிய முடியாமல் குனிந்து, அங்கே நின்ற தன் வண்டியின் எல்லாச் சக்கரத்துக்கும் பழம் வைத்தார்.

"இன்னாயா, நிலாவுல லாரி ஓட்டப் போறியா?" என்று அம்மா சிரித்தார்.

"நான் இல்ல. அந்தக் கலத்துக்குள்ளயும் ஒரு ஆறு சக்கர வண்டி போய்க்கினு இருக்குதுல்ல!"

இப்போது அதை ஓட்டும் சித்தப்பா வண்டியை நகர்த்த, பழங்கள் நசுங்கின. டிவியில் கலம் அலுங்காமல் தரை தொட்டது. தெருவே கத்தியது. அப்பா ஊன்றுகோலைத் தலைக்கு மேலே தூக்கி, "எறங்கிடுச்சிடா! ஆரன் அடிடா!" என்று கூவினார். சித்தப்பா அடித்த அடி தியாகதுருகம் வரைக்கும் கேட்டிருக்கும். நாலு வருடப் பாரம் அன்றைக்குத்தான் அவர் நெஞ்சிலிருந்து இறங்கியது.

கடைசி நாட்களில் அவரைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த கள்ளக்குறிச்சி லாரி ஓட்டுநர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அவர் கடைசியாகப் போனதும் அதே வண்டியில்தான். கிளம்பும் நேரம் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முன்சக்கரத்தடியில் பழம் வைத்தார்.

"போற எடத்துல மெதுவா எறங்குயா" என்றார்.

சித்தப்பா ஆரனை அழுத்திப் பிடித்தபடியே வண்டியை எடுத்தார்.