நான் வைத்த இரண்டு வீட்டுப் பெயர்கள்

காபி டம்ளரைக் கையில் எடுத்தால்தான் என் போனுக்கு மூக்கில் வேர்க்கும். போன மாசமும் அப்படித்தான். எங்கள் ஊர் முனிரத்தினத்தின் மகன் தினேஷ், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான்.

"தாத்தா, மேரேஜுக்கு வெப்சைட் ஒண்ணு பண்ணிக்கினு இருக்கோம். ரெண்டு ஃபேமிலி ஹிஸ்டரியும் போடணும். நம்ம இன்டிபேரு எப்பிடி வந்துச்சுன்னு நைனாவைக் கேட்டா, ஐவாரு வச்சதுன்றாரு. நெஜமா?"

நிஜம்தான். ஐவாரு என்றால் வாத்தியார். இங்கே அது நான். ரிட்டயராகி சித்தூரில் மகள் வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகும் ஊர்க்காரர்களுக்கு ஐவாருதான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெலுங்குக்காரர்களுக்குப் பெயருக்கு முன்னால் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. அதுதான் இன்டிபேரு. வடமாலபேட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக உழுது தின்ற எங்கள் தமிழ்ச் சனத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. அப்பன் பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட்டோம். ஆனால் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். கட்டம் காலியாகக் கிடந்தால் பெரிய ஐவாருக்குச் சோறு இறங்காது. நான் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்துக்கிடந்த வருஷம் அது. கையெழுத்து அழகாக இருந்த ஒரே குற்றத்துக்காக ரிஜிஸ்டரை என் தலையில் கட்டினார்.

ஜூன் மாசத்தில் ஊரே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும். "இன்டிபேரு ஏமி?" என்று நான் தெலுங்கில் அதிகாரமாகக் கேட்பேன். அவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். நானே ஒன்றை எழுதிவிடுவேன். ஆடு வைத்திருந்தவனுக்கு மேகல. கால்வாய் ஓரத்து வீட்டுக்குக் காலவ. ஒருநாள் மத்தியானம் பசி காதை அடைத்த நேரத்தில் வந்த ஒரு குடும்பத்துக்கு வங்காயல என்று எழுதினேன். அன்றைக்கு என் டிபன் டப்பாவில் கத்திரிக்காய். அந்த வீட்டுப் பேரன் இன்று திருப்பதியில் டாக்டர். அவன் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

முனிரத்தினத்தின் வீட்டுப் பெயரில் நான் இப்படி விளையாடவில்லை. அவர்கள் கிணற்றுமேட்டில் பெரிய புளியமரம் ஒன்று இருந்தது. ஊரில் எல்லாருமே புளியமரத்து வீடு என்றுதான் சொல்வார்கள். அதையே தெலுங்கில் சிந்தமானு என்று எழுதினேன். முனிரத்தினத்துக்கு அப்போது அஞ்சு வயசு. கையைப் பிடித்து அழைத்து வந்தவர் அவன் அம்மா ராஜம்மா அண்ணி. நெற்றியில் பொட்டில்லை. அப்பா பெயருக்கு நேராக நான் 'லேட்' என்று எழுதியதை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார்.

மோட்டார் காயில் கருகின வாசம் உங்களுக்குத் தெரியுமா? இன்றைக்கும் எங்காவது மிக்ஸி சூடாகி அந்த வாசம் வந்தால் எனக்கு முன்னால் அந்தக் கிணறு வந்துவிடும். அந்தக் காலத்தில் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் திட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் சுவிட்சை அணைக்க மாட்டார்கள். போட்டபடியே விட்டால், கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும், தண்ணீர் பாயும். இந்தப் புத்திசாலித்தனம் எங்கள் வட்டாரம் முழுக்க இருந்தது.

புளியமரத்து வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவர் கோவிந்தன், ராஜம்மா அண்ணியின் புருஷன். சின்னவர் செங்கல்ராயன். ஒரு காலைநேரம், கரண்டு இல்லை. கோவிந்தன் மோட்டார் வயரைச் சரிபார்க்க உள்ளே இறங்கினார். தம்பி மேலே நின்றார். அடுத்த கழனியில் களை எடுத்த பெண்கள் காதில் விழுந்த பேச்சு இவ்வளவுதான்:

"டேய், சுச்சை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேண்ணா."

கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. கோவிந்தனை மேலே தூக்கி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அந்த வாசம் அன்றைக்குப் பிடித்ததுதான். சுவிட்சைப் போய்ப் பார்த்தார்கள். அது போட்டபடியே இருந்தது.

வாசலில் கிடத்தியிருந்த புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து அண்ணி அழவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒன்று சொன்னார். "இனிமே அவன் பேரு இந்த வூட்ல கேக்கக் கூடாது. அவன் ரத்தம் இந்தப் படியேறுச்சுன்னா, நானும் அதே கெணத்துல எறங்கிடுவேன்." காரியம் முடிவதற்குள் செங்கல்ராயன் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு புத்தூரில் ரயிலேறிவிட்டார். அதன் பிறகு அவரை ஊரில் யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். நாலைந்து வருஷம் கழித்து எனக்குப் பாகாலாவில் போஸ்டிங் வந்தது. பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில் ஒருவர் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பி நடந்தார். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பு. சின்ன வயசில் அந்தப் புளியமரத்திலிருந்து விழுந்தபோது பட்டது. நான் பின்னாலேயே போய்ப் பிடித்தேன். ஸ்டேஷனில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார்.

"தம்பி, நம்ம ஊரு பேரு எய்தாதே. என் பேரும் வாணாம். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வாணாம்."

"அண்ணே, அன்னிக்கு இன்னாதான் ஆச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எடுத்துட்டேன்னு சொன்னேன் தம்பி. எடுத்தேனா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியல."

செங்கல்ராயனை ராயலு ஆக்கினேன். இன்டிபேரு கட்டத்தில் பாகாலா என்று அந்த ஊர்ப் பெயரையே எழுதினேன். யாருக்கும் சந்தேகம் வராது. அழகான கையெழுத்து வேறு. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று சாயங்காலம் ஸ்டேஷன் கடையில் இரண்டு மசால் வடை தின்றேன்.

தினேஷுக்குக் கிணற்றை விட்டுவிட்டுப் புளியமரத்தை மட்டும் எழுதி அனுப்பினேன். "சூப்பர் தாத்தா" என்று பதில் வந்தது. கூடவே பெண் வீட்டார் எழுதிய பக்கத்தையும் அனுப்பியிருந்தான். பெண் பெயர் கீர்த்தனா. இன்டிபேரு பாகாலா. குலதெய்வம் ஏழுமலையான், குலதெய்வம் எது என்று தெரியாதவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் அவரைத்தான் காட்டுவார்கள். 'எங்கள் தாத்தா ராயலு, ரயில்வே ஸ்டேஷனில் உழைத்து முன்னுக்கு வந்தவர்' என்று இங்கிலீஷில் எழுதி, மாலை போட்ட படம் ஒன்று. நரைத்த இடது புருவத்தில் அந்தத் தழும்பு.

காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. மாமன் மகளைக் கட்டினால் எங்களில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அண்ணன் தம்பி வழியில் வந்த இருவர் என்றால் பங்காளி. இந்தப் பெண் அந்தப் பையனுக்குத் தங்கை முறை. அது போதாதென்று அண்ணி சொன்ன சொல் வேறு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே கயிற்றை நான்தான் அறுத்தேன். செங்கல்ராயனும் அவர் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது விஷயம் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன் மட்டும்.

சொல்லிவிடுவது என்றுதான் மறுநாளே ஊருக்குப் போனேன். முனிரத்தினம் ஏணியில் நின்று வாசலுக்கு சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தான். இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"திருப்பதி காலேஜ்ல படிக்கும்போதே ரெண்டு பேருக்கும் இஷ்டமாம் ஐவாரே. நான் சட்டுனு ஒத்துக்கல. விசாரிச்சேன். இன்டிபேரு வேற, குலதெய்வம் வேற. அப்பறம் இன்னா தடங்கல், சொல்லுங்க?"

சொல்லுங்க என்றான். நான் காபி கேட்டேன். ஒரு சித்தப்பா ஓடிப்போனார் என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியாது. உள்ளே அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பத்திரிகை விநியோகித்தாகிவிட்டது. இப்போது வாயைத் திறந்தால் ஒன்றும் அறியாத ஒரு பெண் நடுத்தெருவில் நிற்பாள். திறக்காவிட்டால் அவள் அந்தப் படியேறுவாள். காபியைக் குடித்துவிட்டு சித்தூருக்குத் திரும்பி வந்தேன். கோழை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் நினைத்தேன்.

திருச்சானூரில் கல்யாணம். ரயில் பாகாலாவில் நின்றபோது நான் ஜன்னலை மூடிக்கொண்டேன். மண்டபத்து வாசலில் பெரிய டிவி வைத்து இரண்டு வீட்டுச் சரித்திரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். புளியமரம், ரயில்வே ஸ்டேஷன், புளியமரம், ரயில்வே ஸ்டேஷன். இரண்டும் என் சரக்கு. தாலி கட்டும்போது அட்சதையை எல்லாரும் போட்டார்கள். என் பங்கு என் கையிலேயே வியர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது.

முழங்கால் வலி என்று அண்ணி மண்டபத்துக்கு வரவில்லை. அன்று மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்தார்கள். ஆரத்தி சுற்றினார்கள். கதவோரம் நாற்காலியில் அண்ணி. கீர்த்தனா வலது காலை எடுத்து வைத்துப் படியேறினாள், குனிந்து அண்ணியின் காலைத் தொட்டாள். அண்ணி அவள் தலையில் கை வைத்து, மோவாயை நிமிர்த்தி, கொஞ்சநேரம் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போகச் சொன்னார்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"ஐவாரே, அந்தப் பொண்ணு நடக்கறதைப் பாத்தியா?"

"ஏன் அண்ணி?"

"தோளைச் சாய்ச்சுக்கினு நடக்குது. எங்க வூட்டுக்காரரு அப்பிடித்தான் நடப்பாரு." பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அவங்க எந்த ஊரு?"

"பாகாலா அண்ணி."

"அதுக்கு முன்ன?"

எத்தனையோ வீடுகளுக்குக் கூசாமல் பெயர் வைத்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு ஊர்ப் பெயர் இல்லை. "தெரியல அண்ணி" என்றேன்.

அண்ணி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். முன்பெல்லாம் அந்த வாசலில் இருந்து பார்த்தால் புளியமரமும் கிணற்றுமேடும் நேராகத் தெரியும். சென்னை ரோட்டை அகலப்படுத்தியபோது மரத்தை வெட்டி, கிணற்றில் மண்ணையும் கல்லையும் கொட்டி மூடி, மேலே தார் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஊரே வயிற்றெரிச்சல் பட்டது, நானும்தான். இப்போது அந்த இடத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். கிணறு இல்லை, நல்லவேளை கிணறு இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, நான் அவர் பக்கத்திலேயே நின்றேன்.