ஒரே எண்ணில் இரண்டு பேர்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவரை எல்லோரும் ‘சல்லடை அக்கா’ என்பார்கள். பரிசோதனைக் கூடங்களிலிருந்து வரும் எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சரிபார்க்கும் விதிகளை, அதாவது ஸ்கீமாவை, எழுதியவர் அவர்தான். தேதி விடுபட்டிருந்தாலோ, எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து இருந்தாலோ கோப்பு உள்ளே வராது.

ஒருநாள் ஒரு லாரி ஓட்டுநர் அவர் மேசைக்கே வந்து நின்றார். சர்க்கரை எக்கச்சக்கம் என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்களாம். பத்து நாளாகச் சப்பென்ற டீ. வெளியே சோதித்தால் ஒன்றுமே இல்லை. அக்கா கோப்பைத் திறந்தார். இவருடைய ரத்தக் குப்பிக்கும் ஓர் அம்மாளுடைய குப்பிக்கும் ஒரே எண்.

“உங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே. வேற ஒருத்தரோட ரிசல்ட் மாறி வந்திருக்கு.”

“அப்ப அந்தம்மாவுக்கு யாரும்மா சொல்றது?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அங்கேயே போனை எடுத்து அந்த அம்மாளைக் கூப்பிட்டார். மறுநாளே அவருக்கு வைத்தியம் தொடங்கியது.

ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்று ஸ்கீமாவில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரும் ‘நோயாளி’ என்ற பகுதிக்குள் ஒரு விதி சேர்த்தார். தப்பான கோப்பைக் கொடுத்துப் பார்த்தார். சமர்த்தாக உள்ளே போனது. வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று தங்கை குடும்பத்தோடு வந்தாள். “குட்டி, சாப்பிட வா” என்று அக்கா கூப்பிட, இரண்டு குட்டிகள் ஓடிவந்தன. அவர் மகளும் குட்டி, தங்கை மகனும் குட்டி.

“அவங்கவங்க வீட்டுல ஒரே குட்டிதானேக்கா. சேர்ந்தாத்தான் வம்பு,” என்று சிரித்தாள் தங்கை.

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். ஒரு நோயாளியின் பகுதிக்குள் ஓர் எண்தான் இருக்கும். அங்கே போய்த் தேடினால் எப்படி அகப்படும்? எல்லா நோயாளிகளையும் அடக்கிய மேல் பகுதியில் அல்லவா விதி இருக்க வேண்டும்!

திங்களன்று விதியை இடம் மாற்றினார். மதியமே பரிசோதனைக் கூடத்துப் பையன் போனில் சலித்துக்கொண்டான்.

“ஃபைல் திரும்பி வருதுக்கா. எங்க பக்கம் எல்லாம் சரி.”

“பதினேழாவது ஆளும் நாப்பதாவது ஆளும் ஒரே எண்ணுப்பா. குப்பியப் போய்ப் பாரு.”

போனவன் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போனில் வந்தான். “ஒரே ஸ்டிக்கர் ரெண்டு தடவ அச்சாகி ரெண்டு குப்பியிலயும் ஒட்டியிருக்குக்கா.”

“ரெண்டு பேரையும் மறுபடி ரத்தம் குடுக்க வரச் சொல்லு. நம்ம தப்புன்னு சொல்லியே கூப்பிடு.”