முகிலுக்குக் கீழே ஏழு சுளகு

கை முழுக்க வேப்பம்பூ கலந்த உழுந்து மாவோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு சுளகுக்கு வடகம் கிள்ளி வைக்கிறது, கையைத் துடைக்கிறது, மகளின் பழைய கொப்பியில் நாலு வரி எழுதுகிறது, பிறகு அடுத்த சுளகு. வேப்பம்பூ ஒட்டின இடத்தில் எழுத்து விளங்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஒட்டாத இடத்திலும் அவ்வளவாக விளங்காது.

வடகம் போடுகிற தொழிலில் முதலாளி வெயில்தான். சொல்லாமல் கொள்ளாமல் லீவு எடுக்கிற முதலாளி. கொடியில் உடுப்பைப் போட்டுவிட்டு அடுப்படி யன்னலால் வானத்தை எட்டி எட்டிப் பார்க்கிற ஆட்களே, நீங்களும் நானும் ஒரே சாதி.

நாங்கள் இருக்கிறது வெள்ளவத்தையில் ஒரு பிளாட்ஸின் நாலாம் மாடியில். என்னுடைய ஏழு சுளகும் காய்கிறது மொட்டை மாடியில். அதன் கதவுப் பூட்டின் திறப்பு மூன்றாம் மாடி மாமியிடம். பிளாட்ஸ் கமிட்டிக்குச் செயலாளர் அவதான். காலையில் போய் வாங்க வேண்டும், பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கதவைத் தட்டுவேன், மாமி திறந்தால் கதைக்க வெட்கத்தில் கையை மட்டும் நீட்டுவேன்.

முதுகுப் பக்கத்து மழை

மொட்டை மாடியில் நின்றால் முன்னுக்குக் கடல். மழை என்றால் அங்கிருந்துதான் வரும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஒரு சித்திரை மாதப் பின்னேரம் கடல் பளிச்சென்று கிடந்தது. நிம்மதியாகக் கீழே வந்து மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் களுபோவிலப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததை ஆர் பார்த்தது? சித்திரையில் இடிமழை தரைப் பக்கத்தால்தான் வருமாம். கொழும்பில் எல்லோருக்கும் தெரியுமாம். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் ஒருத்தரையும் கேட்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழு சுளகும் நீந்துகின்றன. மாவு கரைந்து மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயை அடைத்து, வெள்ளம் படியால் இறங்கி மாமியின் கால்மிதிவரை போய்விட்டது. மாமி குனிந்து, கால்மிதியில் கிடந்த வேப்பம்பூவை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தா.

"பிள்ளை, உம்மட வடகம் நல்ல ருசிதான். ஆனா இன்னொருக்கா அது என்ர வாசலுக்கு நடந்து வந்தால், மொட்டை மாடித் திறப்பு உமக்கில்லை."

தோசைக்கல்

யன்னல் கம்பியில் வடகம் காயாது. திறப்பு போனால் தொழிலும் போச்சு. அன்றையிலிருந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன்.

இரண்டாம் கிழமையே ஒன்று வந்தது. களுபோவில ஆஸ்பத்திரிக்கு மேலே கோலிபிளவர் மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு முகில் முளைத்து, பார்த்துக்கொண்டிருக்கவே வளர்ந்தது. ஒரு உயரத்துக்குப் போனதும் மேலே ஏதோ தட்டுப்பட்ட மாதிரி நின்று, தலை தட்டையாகி, நாலு பக்கமும் பரவியது. அசல் தோசைக்கல். அதன் அடியில் மினுக்கு மினுக்கென்று மின்னல். ஏழு சுளகையும் ஒரே மூச்சில் கீழே இறக்கினேன். பக்கத்து வீட்டு ஆட்களின் உடுப்பையும் சேர்த்து அள்ளினேன்.

மழை வரவே இல்லை! வெயில் பல்லைக் காட்டியது. என் வீட்டுக்காரருக்கு நகரத்தின் மறு முனையில், கொச்சிக்கடையில் ஸ்டோர் வேலை. தோசைக்கல் என்று நான் போனில் சொல்லச் சிரித்த மனுசன் ஐந்து மணிக்குத் திருப்பி எடுத்தார்.

"உம்மட தோசைக்கல் இஞ்ச வந்து நிக்குது. நான் தலையிலயிருந்து சொக்ஸ் வரைக்கும் நனைஞ்சிட்டன், ஒருக்கா அதைத் திருப்பிக் கூப்பிடுமன்."

தலைகீழ் வடகம்

இது நான் சாகும்வரை மறக்க மாட்டாத முகில். தோசைக்கல் ஒன்று எங்கள் தலைக்கு மேலே நீண்டு வந்திருந்தது. பின்னேர வெயில் பக்கத்தால் அடிக்க, அதன் அடிப்பக்கம் முழுக்க உருண்டை உருண்டையாகத் தொங்கத் தொடங்கியது. ஒன்றிரண்டு இல்லை, வானம் நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் கத்தரிப்பூ நிறம். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றேன். அவள் ஒரு கையை மேலே நீட்டி, கிள்ளிக் கிள்ளி எடுத்து என் வாயில் வைத்தாள். எனக்கு ஏனென்று தெரியாத ஒரு சந்தோசம். சுளகு, மாமி, திறப்பு, ஒன்றும் ஞாபகமில்லை.

நல்ல காலம், தண்ணீர்த் தாங்கி பார்க்க வாட்ச்சர் அய்யா ஏறி வந்தார். சிங்கள ஆள், எங்களோடு பழகி அவரிடம் கொஞ்சம் தமிழும் இருக்கிறது; தங்கச்சியை மட்டும் நங்கி என்பார். அண்ணாந்து பார்த்தார், கீழே என் சுளகுகளைப் பார்த்தார், திரும்ப அண்ணாந்தார்.

"நங்கி, மேல யாரோ தலைகீழ வடகம் போட்டாச்சு. அது விழுறதுக்கு முதல் உங்கட வடகம் எடுங்கோ!"

சுருட்டின பாய்

தரைப் பக்கம் பார்க்கப் பழகினேனா, வைகாசியில் மழை கடலால் வந்தது! அன்று என் சுளகுகளுக்குப் பக்கத்தில் மாமியின் கூறைச்சேலையும் இன்னும் நாலு பட்டும் காற்றாடிக்கொண்டிருந்தன. மாமி கீழே மத்தியான நித்திரை. திரும்பிப் பார்த்தால் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைவரை ஒரே நீளமாக, கறுப்பாக, ஆரோ பெரிய பாயைச் சுருட்டித் தள்ளுகிற மாதிரி ஒரு முகில் கடலுக்கு மேலே உருண்டு வருகிறது. பாய்க்குக் கீழே வெளிறின பச்சை. குளிர்காற்று முகத்தில் அடித்துவிட்டது.

ஒரு ஆள் எல்லாவற்றையும் இறக்க நேரமில்லை. சுளகை எடுத்தால் பட்டு நனையும். பட்டை எடுத்தால் வடகம் கரைந்து குழாய்க்குள் போகும், திறப்பும் அதோடு போகும். கூப்பிடலாம் என்றால் வாழ்க்கையில் ஒருநாளும் சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பழக்கமில்லையே. மாவு வாளியின் தகர மூடி கண்ணில் பட்டது. அகப்பையால் அடித்தேன் பாருங்கள், கோயில் மேளம் தோற்றது.

நெருப்பு என்று நினைத்து முழுப் பிளாட்ஸும் படிக்கு வந்துவிட்டது. மாமி ஒரு கையில் வீட்டு உறுதி, பாஸ்போட் வைக்கிற பையோடும், மறு கையில் ஒற்றைச் செருப்போடும் நிற்கிறா. நான் அகப்பையால் கடலைக் காட்டினேன். அவ்வளவுதான், மாமி பையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஒரு சுளகைத் தூக்கினா! பட்டை அல்ல, சுளகை. பட்டை வாட்ச்சர் அய்யா அள்ளினார். கடைசிச் சுளகு படிக்குள் வர, வானம் கொட்டியது.

ஏழு சுளகும் மாமியின் ஹோலில் சுழலுகிற பானுக்குக் கீழே, இரண்டு அவவின் குஷன் போட்ட செட்டிக்கு மேலேயே. மாமி மூச்சு வாங்கி முடிய, இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து என் மாவுக் கையில் வைத்தா.

"இந்தா, இதை இனி நீரே வைச்சிரும். ஆனா பிள்ளை, நெருப்பெண்டால் ஒரு தட்டு, மழையெண்டால் இரண்டு தட்டு, சரியே?"

அகப்பையின் ருசி மாமிக்கும் பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் பின்னேரத்தில் மொட்டை மாடிக்கு நடக்க வருகிறா, முயல்குட்டி அளவு முகில் கண்டாலும் மூடியைத் தேடுகிறா. இதை எழுதுகிற இந்த நேரம் ஐந்து சுளகு மேலே, ஆறாவது மடியில். ஆக, இத்தனை முகில் பார்த்து நான் படித்தது இவ்வளவுதான்: வானத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறதென்றால் முதலில் சுளகை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அதுக்குப் பிறகு ஆறுதலாக எவ்வளவு நேரமும் பிளந்துகொண்டு நிற்கலாம், ஏனென்றால் ஒரு முகில் மாதிரி இன்னொரு முகில் ஒருநாளும்... மேலே தகரம் கேட்கிறது, ஒன்று, இரண்டு, "பிள்ளை! பாய் இல்லை, தோசைக்கல்லும் இல்லை, இது புதுசு, ஓடி வாரும்!" என்று மாமி, வாறன் மாமி, கையைக் கழுவிவிட்டு