தரையில் தண்ணீர் தெளித்த நாள்

புதன்கிழமை காலை கோமதி அக்காவின் தம்பி சங்கரன்கோவிலிலிருந்து கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க தம்பி. நெஞ்சு வலிக்குன்னாங்க, அவ்வளவுதான்." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. திங்கட்கிழமையே அவரிடம் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதிதான் வந்தது. எதைச் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

திருநெல்வேலியில் எங்கள் ஆய்வகத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோன உதவியாளர் அவர். பாலிமர் கரைசலைக் கண்ணாடித் துண்டில் ஊற்றிச் சுழற்றி, தலைமுடியைவிட மெல்லிய படலம் எடுப்போம். காற்றில் ஈரம் கூடினால் படலம் வெளுத்துவிடும். வெயில் கொளுத்திய ஒருநாள் அக்கா தரையெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டார். வறண்ட காற்றில் நூல் அறுமே என்று வீட்டுத் தறிக்கூடத்தில் செய்து பழகிய கை. அன்றைய படலங்கள் அத்தனையும் பாலாக வெளுத்தன. பேராசிரியர் குப்பையில் போடச் சொன்னார். நான் சிரித்தேன்.

அக்கா அவற்றைப் பிஸ்கட் டப்பாவில் அடுக்கினார். "கெட்டதையும் எழுதி வைக்கணும்லா. நாளைக்கு எவனாவது கேப்பான்."

மாதங்கள் கழித்துக் கேட்டவன் நான்தான். நுண்ணோக்கியில் பார்த்தால், தேன்கூடு போல ஒரே அளவில் துளைகள். ஈரம் துளிகளாகப் படிந்து உலர்ந்த இடங்கள் அவை. சாயத்தண்ணீரை வடிகட்ட நாங்கள் தேடிய படலம் அதுதான்.

கட்டுரையில் அக்கா பெயரைப் போடப் பேராசிரியர் மறுத்தார். "கடைசியில் ஒரு நன்றி போதும்." கருவி வாங்கியவர் பெயர் வரும், கழுவியவர் பெயர் வராது; நம் படிப்பின் லட்சணம் இது. அப்படியானால் என் பெயரையும் எடுங்கள் என்றேன். இரண்டு மாதம் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு இறங்கி வந்தார்.

கட்டுரை ஏற்கப்பட்ட மின்னஞ்சல் திங்கட்கிழமை வந்தது. சனிக்கிழமை நேரில் போய்ச் சொல்வதாக இருந்தேன். பொறுக்கமாட்டாமல் அப்போதே அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"என் பேரு எத்தனாவதா வருதுலே?"

"ரெண்டாவது அக்கா."

"சாருக்கு முன்னாலயா?"

"முன்னாலதான்."

"அப்போ அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடு. மனசு ஆறட்டும்."

சனிக்கிழமை அச்சுப்பிரதியோடு சங்கரன்கோவில் போனேன். அவர் தம்பி அக்கா பெயரை விரலால் தொட்டுப் படித்தார். "எங்ககிட்ட சொல்லிட்டாங்க தம்பி. தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க."

டப்பாவிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை நான் வைத்துக்கொண்டேன். அதில் ஒட்டிய சீட்டில் அவர் கையெழுத்து: "கெட்டது. தரையில் தண்ணீர் தெளித்தது நான்." இவ்வளவு நேர்மையான ஆய்வுக்குறிப்பை நான் இன்னும் எழுதவில்லை.