இஸ்மாயில் பாய் சுமந்த தப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அங்கிள், அப்பா போய்ட்டாரு" என்றான் இஸ்மாயில் பாயின் மகன் யூசுஃப். தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். அன்று மதியம் கபர்ஸ்தானில் நானும் மண் போட்டேன். மூன்றாவது பிடியைப் போடக் கை வரவில்லை. பக்கத்தில் நின்ற தெருக் கமிட்டிக்காரர்களான நீங்கள் என் தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அந்த ஆறுதலுக்கு நான் லாயக்கில்லாதவன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இஸ்மாயில் பாய்க்கும் எனக்கும் ஒரே வயது. ஆம்பூர் பைபாஸ் ஓரம் அவருக்கு லேத் பட்டறை. தோல் பதனிடும் ஷாப்பில் நான் ஃபிட்டர். எந்த போல்ட்டானாலும் முதலில் விரலால் இரண்டு சுற்று சுற்றுவார். "வெரலுக்கு ஏறாதது ஸ்பானருக்கும் ஏறக்கூடாது தோஸ்த்" என்பார். நான் கேலி செய்வேன். தோல் ஊறும் மர டிரம்மின் போல்ட்டுகளை ஆள் தொங்கி முறுக்கிப் பழகியவன் நான். எனக்கு விரல் எதற்கு?

பாலாற்றில் ஒருமுறை வெள்ளம் வந்து போன பிறகு, நம் தெருக் கமிட்டி ஒரு பழைய மோட்டார் படகை வாங்கியது. ஊரே சிரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "ஆத்துல மணல்கூட இல்ல, போட்டு இன்னாத்துக்கு?" என்றார்கள். "தண்ணி வர்ற அன்னிக்கா போய் போட் தேடுவீங்க?" என்று பாய் ஒற்றை ஆளாகச் சண்டை போட்டார். படகின் பின்னால் மாட்டும் எஞ்சின் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வெள்ளத்தோடு வரும் மண் அடைத்தால் சூடேறி இறுகி நின்றுவிடும். அதனால் சூடு ஏறினால் பஸ்ஸர் அடிக்கிற மாதிரி ஒரு சென்சார் போடலாம் என்றார்.

அந்தச் சென்சாரை முறுக்கியவன் நான். பாய் ஒயரை எஞ்சின் உடம்பில் தொட்டுப் பார்த்தார், பஸ்ஸர் கத்தியது. "நீ மாட்டிடு, தொழுதுட்டு வர்றேன்" என்று போனார். டிரம் போல்ட்டை முறுக்குகிற கையோடு ஸ்பானரைப் போட்டேன். எஞ்சின் தலை அலுமினியம், இரும்பைவிட மெத்து. நறுக்கென்று ஒரு சத்தம். அப்புறம் சென்சார் சும்மா சுற்றியது. துளைக்குள் இருந்த திருகு மரை போய்விட்டது. பாயிடம் சொல்ல வெட்கம். குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றி, பசை வைத்து அமுக்கிவிட்டேன்.

திரும்பி வந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மரை நல்லா புடிச்சுதா?"

"புடிச்சுது பாய்."

ஒயர் ஒன்றுதான். மரை வழியாக எஞ்சின் உடம்பைத் தொட்டால்தான் அந்தச் சென்சார் வேலை செய்யும். டேப்பும் பசையும் அந்தத் தொடுதலை அடைத்துவிட்டன. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்த மழையில் தண்ணீர் வந்தது. முதல் நடையில் நான்கு குழந்தைகளைக் கரை சேர்த்தார் பாய். இரண்டாவது நடை கூரைமேல் தனியாக உட்கார்ந்திருந்த முனுசாமிப் பெரியவருக்காக. நடு ஆற்றில் எஞ்சின் இறுகி நின்றது. பஸ்ஸர் அடிக்கவே இல்லை. படகு வேலிகாத்தான் புதரில் போய்ச் சிக்கியது. அங்கிருந்தபடியே பாய் பார்த்துக்கொண்டிருந்தார், பெரியவரோடு அந்த வீட்டுச் சுவர் சரிந்தது. கரையில் நின்று நானும் பார்த்தேன்.

கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். "சென்சார் போட்டேன்னியே, ஏன் அடிக்கல?" என்று கேட்டீர்கள். அதற்குள் பாய் எஞ்சினைப் பிரித்துப் பார்த்திருந்தார். "மரை போயிருந்துச்சு. நான் சரியா பாக்கல. தப்பு என்னுதுதான்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்காகத்தான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு அவர் பட்டறைப் பக்கம் ஆட்கள் போவது குறைந்தது. "ஆளைக் கொன்ன கை" என்று ஒருவர் டீக்கடையில் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன்.

எஞ்சினைச் சரிசெய்ய என்னைத்தான் கூப்பிட்டார். போன மரையைத் துளைத்து எடுத்து, பெரிதாக மரை வெட்டி, அதற்குள் ஸ்பிரிங் போன்ற கம்பிச் சுருளை இறக்கினார். பழைய அளவே திரும்ப வந்தது. புதுச் சென்சாரை என் கையில் கொடுத்து, "வெரலால ஏத்து" என்றார். ஏற்றினேன். "இரும்பு கொஞ்சம் பொறுத்துக்கும். இது பொறுக்காது" என்றார். நான் பேச வேண்டிய இடம் அது. "சரி பாய்" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகும் எத்தனையோ நாள் ஒன்றாக டீ குடித்தோம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

நேற்று யூசுஃப் பட்டறைக்கு வரச் சொல்லி ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தான். உள்ளே அந்தப் பழைய சென்சார். நான் சுற்றிய வெள்ளை டேப் அப்படியே இருந்தது.

"செல்வம் ஒருநாள் வந்து கேப்பான், அப்ப குடுன்னு சொல்லி வெச்சிருந்தாரு. நீங்க கேக்கவே இல்லியே அங்கிள், அதான் நானே கூப்ட்டேன்."

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த டப்பா மட்டும்தான். மரை போன இடத்தைச் சரிசெய்ய அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர் பெயருக்கு நான் செய்ததை இந்தக் காகிதம் சரிசெய்துவிடும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் படித்துவிட்டு டீக்கடையில் சொல்லுங்கள், அந்தக் கை அவருடையது இல்லை என்று. நாளைக் காலை டப்பாவோடு முனுசாமியின் மகன் வீட்டுக்குப் போகிறேன்.