நெமிலிச்சேரியில் உடைந்த மூன்று விலா எலும்புகள்

ஒரு மனிதர் விழுந்த நொடியிலிருந்து அவர் நெஞ்சில் முதல் கை படும் நொடி வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இருபது வருடங்களாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நகரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்கள் எழுதும் தாள்கள் அங்கே வந்து சேரும். விழுந்ததை யார் பார்த்தார்கள், யார் போன் செய்தார்கள், யாராவது நெஞ்சை அமுக்கினார்களா, அமுக்கினார்கள் என்றால் எவ்வளவு நேரம் கழித்து. பெரும்பாலும் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். அது ஏன் காலியாக இருக்கிறது என்பதைப் பற்றித்தான் என் கட்டுரைகள் எல்லாம்.

நான் டாக்டர்தான். ஆனால் படித்து முடித்த பிறகு நோயாளியைத் தொட்ட நாட்கள் குறைவு. நெமிலிச்சேரியில் நாங்கள் குடிவந்த புதிதில் அடுக்ககத்துக்காரர்கள் மாத்திரைச் சீட்டுகளோடு கதவைத் தட்டினார்கள். “நான் வைத்தியம் பாக்கறதில்லீங்க, ஆராய்ச்சி பண்றேன்” என்றேன். எதைப் பற்றி என்று கேட்டார்கள். “திடீர்னு இதயம் நின்னுபோறவங்களைப் பத்தி.” அதற்குப் பிறகு யாரும் சீட்டோடு வரவில்லை. சும்மாவும் வரவில்லை.

என் கட்டுரைகளில் ஒன்று மட்டும் எங்கள் துறைக்குள் கொஞ்சம் பேசப்பட்டது. இதயம் நின்ற பிறகும் சிலருக்குக் கொஞ்ச நேரம் வாய் திறந்து திறந்து மூடும். தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். அது மூச்சு இல்லை. ஆனால் சுற்றி நிற்பவர்கள் அதை மூச்சென்று நம்பிச் சும்மா நின்றுவிடுவார்கள், நேரம் போய்விடும். இதைப் பற்றி நான் கடுமையாகவே எழுதியிருந்தேன். ‘பொதுமக்களின் அறியாமை’ என்று அதில் எத்தனை இடத்தில் வருகிறது என்று இப்போது எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

நான் சொல்ல வந்த நாளில், காலை வண்டிக்காக நெமிலிச்சேரி பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். எனக்கு நாலடி தள்ளி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். பையைக் கீழே வைக்கக் குனிகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படியே விழுந்தார். கையை ஊன்றவில்லை. நெற்றி தரையில் மோதிய சத்தம் கேட்டது.

ஓடிப்போய் மண்டியிட்டேன். புரட்டிப் போட்டுத் தோளைத் தட்டினேன். “சார், சார்!” அவர் வாய் திறந்தது. அந்தக் குறட்டைச் சத்தம் வந்தது. அப்பாடா, மூச்சு இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆமாம், நான்தான் நினைத்தேன். உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவரோடு அதே தெருவில் குடியிருக்கும் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “வலிப்புதான் இது, எனக்குத் தெரியும்” என்று தன் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்து விரல்களை மூடிவிட்டார். “யாராவது சோடா வாங்கியாங்கப்பா!”

அடுத்த மூச்சு வரவில்லை. காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து வாய் மறுபடியும் திறந்து மூடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி இல்லை. “ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க, ஹார்ட் நின்னுபோச்சுன்னு சொல்லுங்க” என்று கத்திவிட்டு, இரண்டு கைகளையும் கோத்து அவர் நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்க ஆரம்பித்தேன்.

“இன்னாமா பண்றே நீ?” என்று சாவிக்காரர் என் தோளைப் பிடித்தார். “மன்ஷன் மூச்சு வுட்டுகினு கீறான். நீ பாட்டுக்கு நெஞ்சுல குத்துறியே!”

“அது மூச்சில்லீங்க.”

“பின்ன இன்னா அது?”

அதை விளக்கி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். அங்கே ஒரு வார்த்தைகூட வரவில்லை. கையை மட்டும் எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருந்தேன். பயிற்சிப் பொம்மையில் ஆழம் சரியாக இருந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். இங்கேயும் சத்தம் வந்தது. பொம்மைச் சத்தம் இல்லை அது. என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ ஒடிந்து உள்ளே போனது. கூட்டத்தில் ஒரு பெண் “ஐயோ” என்றாள். எலும்பு உடைந்தாலும் நிறுத்தக்கூடாது என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். சொல்வது சுலபம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. பிளாட்பாரத்துக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கும் அம்மா எதிரே வந்து உட்கார்ந்தார். “நவுரும்மா. உன் கை ஆடுது. எங்க அமுக்கணும்னு மட்டும் காட்டு.” காட்டினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் அமுக்கினார். எங்கள் பயிற்சிக்கு வந்த எத்தனையோ பட்டதாரிகள் அப்படி அமுக்கி நான் பார்த்ததில்லை. “இன்னும் வேகமா” என்றேன். “செய்றேன், செய்றேன், நீ மூச்சு வாங்கிக்கோ” என்றார். நாங்கள் மாறி மாறி அமுக்கினோம். ஆம்புலன்ஸ் வந்தது. நெஞ்சில் பட்டைகளை ஒட்டி மின்சாரம் கொடுத்தார்கள். உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. கொஞ்சம் பொறுத்து, ஆம்புலன்ஸ்காரர் கழுத்திலிருந்து விரலை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

சாவிக்காரர் ஆம்புலன்ஸில் கூடவே ஏறிக்கொண்டார். டீக்கடை அம்மாவுக்குக் கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குப் போனேன்.

சில வாரங்கள் கழித்து அந்தத் தாள் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. முதலில் அமுக்கியவர்: வழிப்போக்கர், பெண். எவ்வளவு நேரம் கழித்து: காலி.

எங்கள் துறைத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “நல்ல கேஸாச்சேம்மா. ஆள் பொழச்சு வீட்டுக்குப் போயாச்சுன்னு போட்டிருக்கே. அந்தக் கட்டத்தை நிரப்பிடலாமே, நீங்கதானே இருந்தீங்க?”

“எனக்குத் தெரியல சார்.”

“உங்களுக்கே தெரியலன்னா எப்படி?”

“பாத்துக்கிட்டே இருந்தேன் சார். எவ்வளவு நேரம்னு தெரியல.”

அவர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, “எப்படியும் இதைச் சேர்க்க முடியாது. ஆராய்ச்சி பண்றவங்களே உள்ள வந்துட்டா ஆய்வு கெட்டுடும். விதி இருக்கு” என்றார். இருக்கிறது. அந்த விதியை எழுதியதே நான்தான். இருபது வருடத்தில் என் கைபட்டுப் பிழைத்த ஒரே மனிதரை என் பட்டியலிலிருந்து நானே அடித்தேன்.

அதே வாரம் ஸ்டேஷனில் ஒரு பெண்மணி என்னை மறித்தார். அன்று கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இவர் விசாரிக்க, டீக்கடை அம்மா வியாபாரத்துக்கு நடுவே கையை மட்டும் காட்டி அனுப்பியிருக்கிறார். “அன்னிக்கு பிளாட்பாரத்துல இருந்த சிஸ்டர் நீங்கதானே? விழுந்தவரு எங்க ஊட்டுக்காரரு. ஞாயித்துக்கெழம வீட்ல ஸ்தோத்திரக் கூட்டம் வெச்சிருக்கோம். நீங்களும் அவசியம் வரணும்.”

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், பட்டாபிராமில் அவர்கள் வீடு. தெருவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் போதகர் சாவிக்காரரை முன்னால் அழைத்துச் சால்வை போர்த்தினார். தக்க சமயத்தில் ஆண்டவர் அனுப்பிய மனிதர் என்றார். சாவிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “சாவியைக் கையில வெச்சதும் வெரல் அசைஞ்சுது, நான் பாத்தேன்” என்றார். பொய் சொல்லவில்லை அவர். அதை நானும் பார்த்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாப்பாட்டுப் பந்தியில் பிழைத்தவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். சிரிக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரில நல்லாத்தான் பாத்தாங்க சிஸ்டர். ஆனா எவனோ ஒருத்தன் பிளாட்பாரத்துல என் நெஞ்சு மேல ஏறி மிதிச்சிருக்கான். மூணு எலும்பு போச்சு. தும்ம முடியல, படுக்க முடியல. அவன் மட்டும் கைல கெடச்சான்னா...”

“ஏறி மிதிக்கல. அமுக்கினேன். நான்தான்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? இவ்ளோ ஒல்லியா கீறீங்களே!”

ரசம் ஊற்ற வந்த அவர் மனைவி வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். “பெரிய டாக்டர் சொன்னாரு சிஸ்டர். யாரோ நெஞ்ச அமுக்கினதாலதான் மூளைக்கு ஒண்ணும் ஆகலன்னு. யாருன்னு எங்களுக்குத் தெரியவேயில்ல.” வாளியைக் கீழே வைத்துவிட்டு, சோறு ஒட்டியிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கையோடு என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. “நான் உடனே ஆரம்பிக்கல. மூச்சு இருக்குன்னு நெனச்சுப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுதான் என் வேலையே” என்றேன்.

“பாக்காம எப்படி சிஸ்டர்? ஒரு மனுஷன் விழுந்தா யாரா இருந்தாலும் மொதல்ல மூஞ்சியத்தானே பாப்பாங்க?” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போய்விட்டார். என்னை மன்னிப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொன்னார், அவ்வளவுதான். என் இருபது வருடத் தாள்களில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஒரு மாதம் கழித்து பிழைத்தவரின் மனைவிதான் போன் செய்தார். தங்கள் சபையில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். பயிற்சிப் பொம்மையைக் கோணிப்பையில் போட்டு ரயிலில் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து, நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரித்தார்கள். பிழைத்தவர் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். இந்த விஷயத்தில் அனுபவசாலி என்று அவருக்குத் தனி மரியாதை. யார் வந்து மண்டியிட்டாலும், “மெதுவா, மெதுவா. பட்டவன் சொல்றேன், எலும்பு போயிடும்” என்றார். அவர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நெஞ்சு ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போகவேண்டும் என்று நான் கத்த, பொம்மையைக் குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் தட்டிவிட்டு எழுந்துபோனார்கள்.

அவர் மனைவியின் முறை வந்தது. கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஒரு நாற்காலியில் வைத்தார். கையைக் கோத்து, முழங்கையை நிமிர்த்தி, முழு பாரத்தையும் போட்டு அமுக்கினார். பொம்மை டிக் டிக்கென்றது.

“ஏய், மெதுவா!” என்றார் கணவர்.

“நீ சும்மா கெட” என்றார் அவர். அமுக்குவதை நிறுத்தவில்லை. பொம்மையையும் பார்க்கவில்லை, முன்வரிசையில் இருந்த கணவரையே பார்த்துக்கொண்டு அமுக்கினார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது ஆனதும் நிறுத்தி, அடுத்தவருக்கு இடம் விடச் சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.