அத்தை போடாத ஒப்பு

அந்தக் கிறிஸ்மஸ் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அத்தையின் தோளில் நீளமான தோல்பை ஒன்று தொங்கியது. உள்ளே ஐந்தாறு இரும்பு மட்டைகள். குலசேகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் ஷீட் ஏற்ற வந்த லாரியில் இடம்பிடித்து, மீதி மலையை நடந்தே ஏறி வந்திருந்தாள். அம்மா ஒரு மட்டையை உருவிப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்குட்டி, மரச்சீனி தோண்டவா?" என்று கேட்டாள்.

"கோல்ஃப் மைனி. வெள்ளைக்காரனுக்க குழிப்பந்து."

அத்தை அப்பாவின் தங்கை. நாகர்கோவிலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது விசாரித்தால், "எனக்கு இல்லாத வெசனம் உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். பள்ளியை நடத்திய வெள்ளைக்கார அம்மாள் கோடைக்குக் கொடைக்கானல் போகும்போது துணைக்கு இவளையும் அழைத்துப் போவாளாம். அங்கே கோல்ஃப் ஆட ஜோடி கிடைக்காத ஒருநாள் அத்தையின் கையில் மட்டையைக் கொடுத்தாள். தன் நாட்டுக்குத் திரும்பியபோது மட்டைகளையும் ஒரு விதிப்புத்தகத்தையும் அத்தைக்கே விட்டுவிட்டுப் போனாள். ஞாயிறு பள்ளியில் நாங்கள் வேத வசனம் ஒப்பிப்பதுபோல அத்தை அந்த விதிகளை ஒப்பிப்பாள். நாங்களாவது நடுவில் விக்குவோம். அவள் விக்கமாட்டாள்.

எனக்கும் ஆட்டத்தைச் சொல்லித் தந்தாள். பந்தைக் குறைந்த அடியில் குழிக்குள் போடுகிறவர் ஜெயித்தார், அவ்வளவுதான். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து நடக்க வேண்டும். ஒருவருடைய அடிகளை மற்றவர் ஓர் அட்டையில் எழுதி, கடைசியில் ஒப்பு போட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒப்பு என்றும் ஆட்டத்துக்குக் களி என்றும்தான் பெயர்.

"எல்லாக் களிக்கும் ரெப்ரி உண்டு. இதுக்குக் கெடையாது. அடிக்கவந்தான் தனக்கு ரெப்ரி" என்றாள்.

"அப்பம் கள்ளக்களி களிக்கலாமே அத்தே?"

"களிக்கலாம்."

"பிறகு நீங்க ஏன் களிக்கல்ல?"

"எனக்கு நல்லா அடிக்கத் தெரியும், அதுனால" என்றாள். இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நாங்கள் இருந்தது ஒரு ரப்பர் எஸ்டேட்டில். அப்பா அங்கே ஸ்டோர் கிளார்க். எஸ்டேட்டை உண்டாக்கிய வெள்ளைக்காரத் துரை, பங்களாவுக்குக் கீழே இருந்த புல்சரிவில் ஆறு குழி தோண்டி கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். ஒன்பது குழிக்கு இடம் போதவில்லை. மலை சம்மதிக்கவில்லை என்று சொல்வார்கள். சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில் துரை கப்பலேறிவிட்டார். கிறிஸ்மஸ் வாரப் போட்டிக்கென்று அவர் வைத்திருந்த வெள்ளிக் கோப்பை மட்டும் பங்களாவில் இருந்தது.

அவருக்குப் பிறகு வந்த மேனேஜர் மதராஸ் பக்கத்துக்காரர். நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். பால்வெட்டுக்காரர்கள் குடியிருந்த லயங்களுக்குப் புதிதாக ஓடு போட்டுக் கொடுத்தார், குழாய் கொண்டுவந்தார். எங்களைக் கண்டால் பெப்பர்மிண்ட் தருவார். துரையின் நாற்காலி, துரையின் நாய் எல்லாம் அவருக்கு வந்துவிட்டன. துரையின் கோப்பையும் வந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று அவருக்கு ஒரு எண்ணம் இருந்திருக்கலாம்.

அந்த வருஷம் ஆட வந்தவர்கள் ஐந்து பேர். ஜோடிக்கு ஓர் ஆள் குறைந்தது. ஸ்டோர் கிளார்க்கின் தங்கை மட்டையோடு வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்ல, மேனேஜர் சிரித்துக்கொண்டே ஆளனுப்பினார். ஒரு பெண்ணோடு நடந்து யாரும் சங்கடப்பட வேண்டாம் என்று பெருந்தன்மையாகத் தானே அத்தைக்கு ஜோடியாக நின்றுகொண்டார்.

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "ஒத்தைக்கு ஆம்பிளையளோட காட்டுப்பக்கம் நடக்கப்பிடாது" என்று சொல்லி, அத்தைக்குக் காவலாக என்னை அனுப்பினாள். எனக்கு ஒன்பது வயது. அத்தை சேலையை இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் காவல்காரி என்ற மிடுக்கோடு பின்னால் நடந்தேன்.

முதல் இரண்டு குழிகளிலேயே மேனேஜரின் சிரிப்பு குறைந்துவிட்டது. அத்தையின் பந்து நேராகப் போயிற்று. அவருடையது தூரமாகப் போயிற்று. ஆனால் தனக்குத் தோன்றிய திசையில் போயிற்று.

மூன்றாவது குழிக்குப் போகும் வழியில் அத்தை அடிக்கக் குனிந்து, மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். பந்து ஓர் அங்குலம் உருண்டு நின்றது. நான் பார்க்கவில்லை. மேனேஜர் அப்போது சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"பந்து அசைஞ்சுட்டு. எனக்கு ஒண்ணு கூட்டி எழுதுங்க சார்" என்றாள் அத்தை.

"சின்ன விஷயம் டீச்சர். யார் பார்த்தா?"

"நான் பாத்தேன்லா?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஒன்று கூட்டி எழுதினார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வேண்டாம் என்று அவரே சொல்கிறார், வாங்கிக் கட்டிக்கொள்கிறாளே என்று அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

ஐந்தாவது குழியில் மேனேஜர் அடித்த பந்து புல்லைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டது. மூன்று பேரும் தேடினோம். அத்தை மேட்டுப் பக்கம் போனாள். நான் பள்ளத்துப் பக்கம் போனேன். ஒரு மரத்தின் இரண்டு வேர்களுக்கு நடுவில், ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டை விழுந்து கிடந்த இடத்தில், பந்து வெள்ளையாகத் தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தபோது மேனேஜர் மரத்துக்கு மறுபக்கமிருந்து வந்தார். அவரும் பந்தைப் பார்த்தார். மேட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஷூவின் முனையால் பந்தை ஒரு தள்ளு தள்ளினார். அது வேரைத் தாண்டி, தடையில்லாத வெட்டவெளியில் போய் அழகாக உட்கார்ந்துகொண்டது.

அப்புறம்தான் அவர் என்னைக் கண்டார். முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். பெப்பர்மிண்ட் வெளியே வருவதற்குள் நான் தொண்டை கிழியக் கத்திவிட்டேன்.

"அத்தே! சாரு பந்தைக் காலால தள்ளினாரு!"

அத்தை இறங்கி ஓடிவந்தாள். "கல் தடுக்கிச்சு, கால் பட்டிருக்கும்" என்றார் அவர்.

"பட்டாலும் கணக்குத்தான் சார். தண்டம் கூட்டணும்" என்று அத்தை தணிவாகத்தான் சொன்னாள். "பிள்ள சொன்னதை விடுங்க. நீங்களே சொல்லுங்க. பட்டுதா, படல்லியா?"

அப்போது அவர் ஆமென்று சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். "படவே இல்லை. குழந்தை எதையோ பார்த்து எதையோ சொல்லுது" என்று சொல்லிவிட்டு, மட்டையை ஓங்கிப் பந்தை அடித்தார். நல்ல அடி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆட்டம் முடிந்து பங்களா வராந்தாவுக்கு வந்தபோது அங்கே கேக்கும் டீயும் தயாராக இருந்தன. எஸ்டேட் ஊழியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பா சலவைச் சட்டையோடு தூணோரம் நின்றார். நடுவில் மேசைமேல் கோப்பை. பக்கத்து எஸ்டேட்டின் வயதான மேனேஜர்தான் அட்டைகளை வாங்கிக் கூட்டிப் பார்ப்பவர். எங்கள் மேனேஜர் கூட்டிச் சொன்ன கணக்குப்படி அத்தையைவிட அவருக்கு ஓர் அடி குறைவு. மற்ற எல்லோரும் வெகு தூரத்தில் இருந்தார்கள்.

அத்தை தன் கையில் இருந்த மேனேஜரின் அட்டையை மேசைமேல் வைத்தாள். "இதுல நான் ஒப்பு போடமாட்டேன்" என்றாள்.

கிழவர் காரணம் கேட்டார். ஐந்தாவது குழியில் நடந்ததை அத்தை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

மேனேஜர் உரக்கச் சிரித்தார். "டீச்சருக்குக் கோப்பை மேல ஆசைன்னா நேரே கேட்டிருக்கலாமே, கொடுத்திருப்பேனே."

"எனக்குக் கோப்பை வேண்டாம். இதைச் சரீண்ணு நான் எழுதித் தரவும் மாட்டேன்."

"அப்ப உங்க அட்டையில நானும் கையெழுத்துப் போடலை. ரெண்டும் செல்லாது. சம்மதமா?"

"உங்க இஷ்டம். என் அடி எத்தனைண்ணு எனக்குத் தெரியும்."

மேனேஜர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "உங்க தங்கச்சிக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

அப்பா தூணை விட்டு வந்தார். எல்லோர் கண்ணும் அவர்மேல் இருந்தது. அத்தையின் காதருகில் குனிந்து, "ஏட்டி, போட்டுக் குடு. லீவு முடிஞ்சா நீ போயிருவே. நானும் என் பிள்ளையளும் இங்க கெடக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்டது.

"அண்ணே, வேற எது சொன்னாலும் கேக்கேன். இது என்னால கழியாது."

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "நீ பாத்தியா, பிள்ள?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன். வலது காலு. வேருக்க உள்ள கெடந்த பந்தை வெளிய தள்ளினாரு. எனக்கு முட்டாயி தரவும் பாத்தாரு."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். கிழவர் இரண்டு அட்டைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஓரமாகத் தள்ளினார். ஒப்பில்லாத அட்டை கணக்கில் சேராது, துரை காலத்திலும் அதுதான் விதி என்றார். மிச்சம் இருந்தவர்களில் குறைந்த அடி யாருடையது என்று பார்த்தால், எங்கள் கோயில் போதகருடையது. அவர் மூன்று பந்துகளைத் தொலைத்தவர். ஒரு குழியில் அடித்து அடித்துக் களைத்துப்போய்ப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டவர். கோப்பையைக் கையில் வாங்கியபோது, யாரோ வீட்டுக் குழந்தையைத் தூக்கச் சொன்னதுபோல அவர் முழித்தார். அத்தைதான் முதலில் கை தட்டினாள். மனம்விட்டுத் தட்டினாள். அது எனக்குக் கொஞ்சமும் புரியவில்லை. நம் கைக்கு வரவேண்டியதை வேறொருவர் கொண்டுபோகும்போது எப்படிக் கை தட்ட முடியும்?

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா எங்களை விட்டு முன்னால் நடந்தார். அம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் அத்தை புறப்பட்டாள். அம்மா பொதிந்து கொடுத்த முந்திரிக்கொத்தை வாங்கிக்கொண்டு, மட்டைப்பையைத் தோளில் போட்டு, தலையை நிமிர்த்தி பங்களாவின் முன்வாசல் வழியாகவே நடந்து போனாள்.

கிறிஸ்மஸ் கழிந்து மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று அம்மா எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகுதான். பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்றாராம் மேனேஜர். குழந்தையை அழைத்துவந்து நாலு பேர் முன்னால், சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லச் செய்தால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும். அப்பா எழுந்து நின்று, "என் பிள்ளைக்கக் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

அடுத்த வாரமே எங்களை மேல் டிவிஷனுக்கு மாற்றினார்கள். ஸ்டோர் இல்லை, மழையிலும் பனியிலும் நின்று ரப்பர் பால் அளக்கிற வேலை. ஓட்டு வீடு போய் ஓலை வீடு. பள்ளிக்கூடத்துக்குக் காட்டுவழியாக இறங்கி ஏறவேண்டும். கால் முழுக்க அட்டை கடிக்கும். ஏன் இங்கே வந்தோம் என்று கேட்டால், "இங்க காத்து நல்லதுலா" என்பார் அப்பா. அவருக்கு ஸ்டோர் வேலை சரியாகத் தெரியாததால் மாற்றிவிட்டார்கள் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன்.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்ததும் அப்பா என்னைப் படியில் உட்காரவைத்து, காலில் அப்பியிருந்த அட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எனக்குக் காந்தியது. அந்த எரிச்சலில், பல நாளாக நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அத்தை எல்லாரு முன்னாலயும் நின்னு சொன்னா. நானும் சொன்னேன். நீங்க மட்டும் தலையக் குனிஞ்சுட்டு நின்னிய. அந்த மேனேஜருட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அப்பா?"

அப்பாவின் விரல் என் கணுக்காலில் கொஞ்சம் நின்றது.

"சொல்லியிருக்கலாம் மக்கா" என்றார். அட்டை சுருண்டு கீழே விழுந்தது. "மத்தக் காலைக் காட்டு."

அப்பாவை மடக்கிவிட்ட பெருமிதத்தோடு நான் மற்றக் காலையும் நீட்டினேன்.